நிகர எடை

டிசம்பர் முப்பத்தொன்று. ஆலைக்குப் பாதி நாள்.
கடைசி லோரியும் பகாவ் சாலையில் திரும்பியபின்
எடைமேடையில் ஏறி நின்றேன், சும்மா.
அறுபது என்றது திரை.
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
என் ஐம்பத்திரண்டோடு
எட்டுக் கிலோவை அதுவே போட்டுக்கொண்டது.

இந்த வருடம் எழுதியது:
கதை மூன்று.
ஒன்று ஞாயிறு மலரில் வந்தது.
மேகலா என்ற பெயரில் கடைசிக் கால் இல்லை.
மேகல எழுதியதாக ஊரே படித்தது.
மற்ற இரண்டுக்கும் பதிலே வரவில்லை.
நாவல் மூன்றாம் அத்தியாயத்தில்
அச்சு முறிந்து சாலையோரம் நிற்கிறது.
கவிதைகள் எல்லாம் எடைச்சீட்டின் முதுகில்.
ஒரு மழை நாளில் பாக் சமாட்
சிகரெட் நனையாமல் சுற்றிக்கொள்ள
அதில் ஒரு கட்டை எடுத்துப்போனார்.
தொலைந்தவை நல்ல கவிதைகள்
என்று சொல்லிக்கொள்ள வசதியாயிருக்கிறது.

சம்பளம் எனக்குக் கள்ளம் பிடிக்க.
செம்பனைக் குலைகளுக்கு அடியில் ஈர மணல் வரும்.
வரும்போது நிறைந்திருக்கும் தண்ணீர்ப் பீப்பாய்
போகும்போது காலியாயிருக்கும்.
ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு தடியர்கள் இருப்பார்கள்,
வெற்று எடைக்கு முன்
கால் கழுவப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள்.
ஒன்பது வருடம்.
மேடை முனகுவதை வைத்தே சொல்லிவிடுவேன்.

அந்த அச்சேறிய கதை மட்டும்
என் மேடையைத் தாண்டிப் போய்விட்டது.

தாமானில் மூன்றாம் வரிசை, விமலாராணி.
பெயரை மாற்றினேன், வாசல் கேட்டின் நிறத்தையும்.
சிங்கப்பூர் போன தேவேந்திரன் பணம் அனுப்பாத மாதம்,
தவணை கட்டாத மோட்டாரை
ஏற்றிப்போக ஆள் வந்த காலை.
என் கதையில் அவள்
நிலைக்கதவைப் பிடித்தபடி சரிந்து அழுதாள்.
நாங்களும் அழுதோம் என்று
மூன்று பேர் போன் செய்தார்கள். சிரம்பானிலிருந்து ஒருவர்.

ஆகஸ்டில், பசார் மாலாமில்,
கங்கோங் கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"படிச்சேன்லா. நான் எப்ப அழுதேன்?"
கோபமில்லை, விலை விசாரிக்கும் குரல்.
"சீட்டுக்கு அடியில மழைக்கோட்டு இருக்கு,
அத எடுத்துக் கொடுத்துட்டு ஏத்துன்னு சொன்னேன்.
நல்ல கோட்டு. நாப்பது வெள்ளி."
இரண்டு கட்டு வாங்கி
ஒன்றை என் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

நானும் அன்று வேலியோரம் நின்றவள்தான்.
பார்த்தேன் அந்தக் கோட்டை. மஞ்சள்.
தோளில் போட்டுக்கொண்டு அவள்
ரசீது கேட்டதையும் பார்த்தேன்.
கோட்டை இறக்கிவிட்டுக்
கண்ணீரை ஏற்றியது யார்?
எடை என்னவோ நன்றாகத்தான் காட்டியது.

வருகிற வருடத்துக்கு,
பழைய காலண்டர் அட்டையில்:
'மெல்ல' என்ற சொல்லை ஜூன்வரை தொடாதே.
மூன்றாம் அத்தியாயத்தில் கிராணி திருடுகிறான்.
எவ்வளவு என்று சொல். எத்தனை வெள்ளி, எந்தப் பையில்.
செம்பனைத் தூரில் பூக்கிற அந்த ஊதாவுக்குப்
பெயர் உண்டு, யாரிடமாவது கேள்.
போட்டிக்கு அனுப்பு. தோற்றால் ஒரு வாரம் துக்கம்,
போனமுறை போல ஐந்து அல்ல.
பத்திரிகையிடம் காலைத் திருப்பிக் கேள்.
(இதை அடித்துவிட்டேன்.)
விமலாராணியின் கதையை மறுபடி எழுது,
அவளிடம் கேட்டபின்.
வேண்டாமென்றால் வேண்டாம்.
அந்த மஞ்சள் கோட்டுக்காக
எவ்வளவு கை அரித்தாலும் வேண்டாம்.

"காக்கா, லம்பு?" என்கிறான் வாசலில் நேப்பாளத்துக் காவல்காரன்.
விளக்கை அணைக்கட்டுமா என்று.
இரு என்று கைகாட்டி இறங்கினேன்.
திரை பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.
இருபதில் நிற்கிறது.
எந்த லோரியின் சேறோ, மேடை இடுக்கில்.
மண்வாரி எங்கே வைத்தேன்?